அரசுத் திறன் பயிற்சிக்கு ஒரு சின்ன மையம் ஒப்புதல் பெறுவது எப்படி?

பாலக்கோட்டிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: "அக்காவும் நானும் எட்டு வருடமாகத் தையல் பயிற்சி நடத்துகிறோம். 12 மிஷின் இருக்கிறது, மாடியில் நாலு கம்ப்யூட்டர். இலவசப் பயிற்சிக்கு அரசாங்கம் பணம் கொடுக்கிறதாமே, அந்தப் பட்டியலில் சேர என்ன செய்யணும்? தர்மபுரியில் ஒருத்தர் இரண்டு லட்சம் கொடுத்தால் அங்கீகாரம் வாங்கித் தருகிறேன் என்கிறார். நம்பலாமா?"

இரண்டு லட்சத்தைக் கொடுக்காதீர்கள். அவர் ஒரே பொட்டலமாக விற்பது உண்மையில் நான்கு தனித்தனி ஒப்புதல்கள். நான்கும் வெவ்வேறு கைகளில் இருக்கின்றன. ஒரே ஆள் நான்கையும் வாங்கித் தர வழியே இல்லை. இப்படிப் பணம் கட்டியவர்களிடம் கடைசியில் என்ன இருக்கிறது என்று பார்த்தால், ஒரு ஐஎஸ்ஓ சான்றிதழ், சிறுதொழில் என்று பதிந்துகொள்ளும் ஒரு உத்யம் பதிவு, ‘தேசிய’, ‘பாரத்’ என்று பெயரில் போட்டுக்கொண்ட ஏதோ தனியார் சங்கத்தின் ஃபிரேம் போட்ட காகிதம், இவ்வளவுதான். உத்யம் பதிவை இணையத்தில் நீங்களே இலவசமாகச் செய்துகொள்ளலாம். இந்த மூன்றில் எதைக் காட்டினாலும் அரசு ஒரு பேட்ச்கூடக் கொடுக்காது.

சரி, அந்த நான்கும் என்ன?

முதலாவது பாடம். வெறும் ‘தையல்’ என்று ஒரு பாடம் அரசு ஏட்டில் கிடையாது. 2013 இறுதியில் வந்த தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பின்படி ஒவ்வொரு வேலைக்கும் ஒரு நிலை, ஒரு குறியீடு, இத்தனை மணி நேரம், இன்னின்ன கருவி என்று வகுத்து வைத்திருக்கிறார்கள். ஆடைத் துறைக்கென்று இருக்கும் செக்டர் ஸ்கில் கவுன்சில் அதைத் தயாரிக்கிறது. என்.சி.வி.இ.டி என்கிற ஒழுங்குமுறை அமைப்பு அதற்கு ஒப்புதல் தருகிறது. இந்த அமைப்பு 2018 டிசம்பரில் அறிவிக்கப்பட்டு 2020 ஆகஸ்டில் வேலையைத் தொடங்கியது. நீங்கள் இதுவரை சொல்லிக்கொடுத்து வந்தது பெரும்பாலும் ‘செல்ஃப் எம்ப்ளாய்டு டெய்லர்’ பாடத்துக்குப் பக்கத்தில் வரும். தொழிற்சாலைக்கு ஆள் அனுப்பும் பாடம் ‘சூயிங் மெஷின் ஆபரேட்டர்’. இரண்டும் வேறு வேறு, கருவிப் பட்டியலும் வேறு. தேசியத் தகுதிப் பதிவேட்டு இணையதளத்தில் இரண்டையும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். பாடத்துக்கும் காலாவதித் தேதி உண்டு, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். தேதி முடிந்த பாடத்தை வைத்து விண்ணப்பம் போட்டுத் திரும்பி வந்தவர்கள் நிறைய.

இரண்டாவது நிறுவனம். இங்கே ‘டிரெயினிங் பார்ட்னர்’ என்பார்கள். நீங்கள் டிரஸ்டா, சொசைட்டியா, கம்பெனியா, தனி உரிமையாளரா, எதுவானாலும் அதற்குப் பதிவும் பான் எண்ணும் வேண்டும். வழக்கமாகக் கேட்பது மூன்று வருடத் தணிக்கைக் கணக்கு, வருமான வரித் தாக்கல், ஏற்கனவே பயிற்சி கொடுத்ததற்கான சான்று, எந்தத் திட்டத்திலும் கருப்புப் பட்டியலில் இல்லை என்ற உறுதிமொழிப் பத்திரம். உள்ளூர் மையங்கள் மண்ணைக் கவ்வுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். எட்டு வருடம் நல்லபடியாகச் சொல்லிக்கொடுத்திருப்பீர்கள், ஆனால் மாதக் கட்டணத்தைக் கையில் வாங்கி ரசீது புத்தகத்தில் எழுதியிருப்பீர்கள். அரசின் கண்ணுக்கு அந்த எட்டு வருடம் நடக்கவே இல்லை. இன்றைக்கே ஒரு நடப்புக் கணக்கைத் திறந்து, கட்டணத்தை அதில் வாங்க ஆரம்பியுங்கள். ஆடிட்டருக்கு வருடத்துக்குச் சில ஆயிரம் போகும். போகட்டும்.

மூன்றாவது மையம். நிறுவனம் தகுதி பெற்றாலும் அந்தக் குறிப்பிட்ட கட்டடம், அந்தக் குறிப்பிட்ட பாடத்துக்கு ஏற்றதா என்று தனியாகப் பார்ப்பார்கள். மத்திய அரசின் இலவசத் திறன் பயிற்சித் திட்டமான பி.எம்.கே.வி.ஒய்க்கு (பிரதான் மந்திரி கௌஷல் விகாஸ் யோஜனா) முன்பு ‘ஸ்மார்ட்’ என்ற தளத்தில் நட்சத்திர மதிப்பீடு நடந்தது. 2023 செப்டம்பரில் ஸ்கில் இந்தியா டிஜிட்டல் ஹப் வந்தபிறகு பதிவெல்லாம் அங்கே போய்விட்டது. மாநிலத் திட்டமென்றால் தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகத்தின் தளம். எந்த வழியில் போனாலும் கடைசியில் ஆய்வு உண்டு.

நான்காவதுதான் சோறு போடுவது: டார்கெட். உங்கள் மையத்துக்கு இந்த வருடம் இத்தனை பேர், இந்தப் பாடம் என்று எழுத்தில் வரும் ஒதுக்கீடு. முதல் மூன்றும் கையில் இருந்தும் டார்கெட் வராமல் மிஷினுக்குத் துணி போர்த்தி வைத்திருக்கும் மையங்கள் தர்மபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரண்டு மாவட்டத்திலும் உண்டு. எம்பேனல் ஆனவுடன், அதாவது பட்டியலில் பெயர் ஏறியவுடன், கடன் வாங்கி மிஷின் இறக்கிவிட்டால் வட்டிதான் மிஞ்சும். ஒதுக்கீட்டுக் கடிதத்தைப் பார்த்தபிறகு பெரிய செலவு செய்யுங்கள்.

டார்கெட் யாருக்குக் கிடைக்கிறது என்று கேட்டால், வேலை வாங்கிக் கொடுத்த வரலாறு உள்ளவருக்கு. சிபாரிசு ஓடாது என்று நான் சொல்லவில்லை, ஓடத்தான் செய்யும். ஆனால் வேலைவாய்ப்பு எண்ணிக்கை இல்லாத சிபாரிசு ஒரு பேட்சோடு நின்றுவிடும். அதனால் என் யோசனை, விண்ணப்பத்தைத் தலைகீழாகத் தொடங்குங்கள் என்பதுதான். முதலில் யார் வேலைக்கு எடுப்பார்கள் என்று பாருங்கள். அதற்கேற்ற பாடத்தைப் பிடியுங்கள். படிவம் கடைசியில்.

பாலக்கோட்டுக்கு இது எப்படிப் பொருந்தும்? உங்களிடம் வரும் பெண்களில் இரண்டு வகை இருப்பார்கள். கல்யாணமாகிக் குழந்தையோடு இருப்பவர், வீட்டிலிருந்தே ரவிக்கை தைத்துப் பிழைக்க வருகிறார். பிளஸ் டூ முடித்த பெண், கம்பெனிக்குப் போகத் தயார். 2015 ஜூலை 15 அன்று மத்திய அரசு அறிவித்த பொது நெறிமுறைகளின்படி, சான்றிதழ் வாங்கியவர்களில் 70 சதவீதம் பேர் மூன்று மாதத்துக்குள் ஏதாவது தொழிலில் இருக்கவேண்டும், பயிற்சி முடித்தவர்களில் குறைந்தது 50 சதவீதம் பேர் மாதச் சம்பள வேலையில் இருக்கவேண்டும். பி.எம்.கே.வி.ஒய் நான்காம் பதிப்பில் மட்டும் பணத்துக்கும் வேலைக்கும் இருந்த முடிச்சை அவிழ்த்துவிட்டார்கள். ஊரக இளைஞர்களுக்கான டி.டி.யு-ஜி.கே.ஒய் போன்றவற்றில் அந்த முடிச்சு இறுக்கம்தான். ரவிக்கை தைத்து நன்றாகச் சம்பாதிக்கிற பெண் அரசுக் கணக்கில் அரை மதிப்பெண்தான். இது நியாயமா என்று என்னைக் கேட்டால், இல்லை. பென்னாகரம் பக்கம் ஒரு கிராமத்துக்கு ஒரு நல்ல டெய்லர் கிடைப்பது, கார்மென்ட்ஸில் மூன்று மாதம் இருந்துவிட்டு ஓடிவருகிற நாலு பேரைவிட மேல். ஆனால் நிபந்தனையை எழுதுகிறவர் நாமில்லை.

எனவே இரண்டாவது வகைப் பெண்களுக்காக ‘சூயிங் மெஷின் ஆபரேட்டர்’ பாடத்தை எடுங்கள். ஓசூர், பெங்களூரு கார்மென்ட்ஸ் கம்பெனிகளின் எச்.ஆர் ஆட்களைப் போய்ப் பாருங்கள். ‘எங்களிடம் பயிற்சி முடித்தவர்களுக்கு நேர்காணல் தருகிறோம்’ என்று கம்பெனி லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம் வாங்குங்கள். அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. கம்பெனி பஸ் எந்த ஊர்வரை வருகிறது என்று விசாரியுங்கள். ராயக்கோட்டை, கெலமங்கலம் வழியில் பஸ் வந்தால் அந்தப் பக்கத்துப் பெண்கள் வேலையில் நிற்பார்கள். பஸ் வராத ஊரிலிருந்து சேர்த்தால் ஹாஸ்டலில் தங்கவேண்டி வரும். வீட்டில் விடமாட்டார்கள், அல்லது விட்டுவிட்டு ஆடிப் பண்டிகைக்கு வந்தவளைத் திரும்ப அனுப்பமாட்டார்கள். உங்கள் வேலைவாய்ப்பு சதவீதம் அங்கேதான் கரையும்.

தையலோடு நிற்கவேண்டுமா என்பதையும் யோசியுங்கள். ஓசூர் சிப்காட்டில் வாகனத் தொழில், கெலமங்கலம் பக்கம் டாடா எலக்ட்ரானிக்ஸ், போச்சம்பள்ளி பக்கம் ஓலா, பர்கூரில் காலணி உற்பத்தி. ஆள் கேட்பது இவர்கள். ஆனால் நம் பக்கம் மையம் திறக்கிற எல்லோரும் தையலும் டேட்டா என்ட்ரியும்தான் கேட்கிறார்கள், முதலீடு குறைவு என்பதால். ஆட்சியர் தலைமையிலான மாவட்டத் திறன் குழுவின் முன்னால் இன்னொரு டேட்டா என்ட்ரி விண்ணப்பம் போனால் யாரும் நிமிர்ந்து பார்க்கமாட்டார்கள். மாடியிலுள்ள நாலு கம்ப்யூட்டரை வைத்து அந்தப் பாடத்தைக் கேட்பது வீண். போர்ட்டலில் பதிவேற்ற வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள், அதற்கே நாள் சரியாக இருக்கும்.

இனி ஆய்வு நாள். வருகிறவர் முதலில் மிஷினை எண்ணுவார், பிறகு வகையைப் பார்ப்பார். கால் மிதி மிஷின் பன்னிரண்டு இருந்தாலும் ஆபரேட்டர் பாடத்துக்கு அது கணக்கில் வராது. தொழிற்சாலையில் ஓடுகிற பவர் மிஷின் வேண்டும், சிங்கிள் நீடில் லாக் ஸ்டிட்ச் என்று பட்டியலிலேயே இருக்கும். ஓவர்லாக் எத்தனை என்றும் இருக்கும். ஒவ்வொரு மிஷினுக்கும் உங்கள் நிறுவனத்தின் பெயரில் பில் இருக்கிறதா என்று கேட்பார். ஆய்வுக்காகப் பக்கத்துக் கடையிலிருந்து வாடகைக்குக் கொண்டுவந்து நிறுத்துகிற பழக்கம் உண்டு. இப்போது எல்லாம் இடக்குறியீட்டோடு படம் எடுக்கிறார்கள், திடீரென்று மறுபடியும் வருகிறார்கள். அந்த வித்தை செல்லாது.

அடுத்தது மின் இணைப்பு. வீட்டு இணைப்பில் ஓட்டிக்கொண்டிருந்தால் மாற்றிவிடுங்கள். பெண்களுக்குத் தனிக் கழிப்பறை, தண்ணீர், முதலுதவிப் பெட்டி, காலாவதியாகாத தீயணைப்புக் கருவி, சிசிடிவி. சில திட்டங்கள் கட்டட உறுதிச் சான்றும் தீயணைப்புத் துறைச் சான்றும் கேட்கும், தாசில்தார் தரும் படிவம் ‘டி’ உரிமமும் சேரலாம். இவை ஒரே வாரத்தில் கிடைக்கும் காகிதங்கள் இல்லை, அறிவிப்பு வந்தபிறகு ஓடினால் கடைசித் தேதி போய்விடும்.

வாடகைப் பத்திரத்தைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். நம் ஊரில் எல்லோரும் முத்திரைத்தாளில் 11 மாதத்துக்கு எழுதி முடித்துவிடுவோம், பதிவு செய்யும் செலவு மிச்சம் என்று. திட்டக்காரர்கள் பெரும்பாலும் பயிற்சிக் காலம் முழுவதற்கும் செல்லுகிற பத்திரம் கேட்பார்கள். ஒரு வருடத்துக்கு மேல் போனால் சார்பதிவாளரிடம் பதிவு செய்தாகவேண்டும். வீட்டுக்காரர் இதற்கு லேசில் சம்மதிக்கமாட்டார், இடம் கைவிட்டுப் போய்விடும் என்று பயப்படுவார். அவரிடம் இப்போதே பேச்சைத் தொடங்குங்கள்.

பயிற்றுநர் விஷயம் சிலருக்கு மனத்தாங்கலாக இருக்கும். உங்கள் அக்காவுக்கு எட்டு வருட அனுபவம் இருக்கலாம், ஆனால் ‘டி.ஓ.டி’ எனப்படும் பயிற்றுநர் சான்றிதழ் இல்லாமல் அவர் பெயரை அந்தப் பாடத்துக்குப் போடமுடியாது. செக்டர் ஸ்கில் கவுன்சில் நடத்தும் அந்தப் பயிற்சிக்குப் போய்த் தேர்வு எழுதி வரவேண்டும். தன்னைவிடச் சின்னப் பையனிடம் உட்கார்ந்து கேட்கவேண்டியிருக்கிறதே என்று முகம் சுளிப்பார்கள். முடித்துவிட்டால் அந்தச் சான்றிதழ் மையத்தின் சொத்து. தேர்வு வைப்பவர் நீங்களாக இருக்கமுடியாது, தனி மதிப்பீட்டு நிறுவனத்திலிருந்து வருவார்கள்.

பேட்ச் தொடங்கியபிறகு யாரும் எதிர்பார்க்காத ஒரு தொல்லை விரல் ரேகையில் வரும். வருகைப்பதிவு ஆதாரோடு இணைந்த கருவியில்தான். பாப்பிரெட்டிப்பட்டி, கடத்தூர்ப் பக்கத்திலிருந்து சிறுவயதிலிருந்தே புளி தட்டுகிற பெண் வருவாள், கிருஷ்ணகிரிப் பக்கம் கிரானைட் பட்டறையில் வேலை பார்த்தவள் வருவாள். விரல் நுனி வழவழவென்று தேய்ந்திருக்கும். கருவியில் வைப்பாள், சிவப்பு விளக்கு. துடைத்துவிட்டு வைப்பாள், சிவப்பு. தேங்காய் எண்ணெய் தொட்டு வைத்துப் பார்ப்பார்கள். அவள் தினமும் வகுப்பில்தான் இருப்பாள், ஏட்டில் ஆப்சென்ட். தேவையான வருகை சதவீதம் குறைந்தால் தேர்வு எழுதவிடமாட்டார்கள், அவளுக்கான பணமும் உங்களுக்கு வராது. சேர்க்கைக்கு முன்பே எல்லோரையும் கருவியில் ஒருமுறை வைத்துப் பாருங்கள். தகராறு செய்கிறவர்களை ஆதார் மையத்துக்கு அனுப்பிக் கைரேகையைப் புதுப்பிக்கச் சொல்லுங்கள், அல்லது முகப்பதிவுக்கு வசதி இருக்கிறதா என்று திட்ட அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். மாம்பழ சீசனில் பேட்ச் தொடங்குவதையும் தவிருங்கள். மாங்கூழ் தொழிற்சாலையில் தினக்கூலி கிடைக்கும்போது இலவசப் பயிற்சிக்கு யார் வருவார்கள்?

வருகையில் கை வைக்கலாமே என்று யோசனை சொல்லவும் ஆள் வரும். கேட்காதீர்கள். 2025 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை பி.எம்.கே.வி.ஒய் பதிவுகளைக் கிழித்துத் தொங்கவிட்டது. வங்கிக் கணக்கு எண் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் பூஜ்யங்களும் ஒன்றுகளும், ஒரே புகைப்படம் பலர் பெயரில். அதற்குப் பிறகு சோதனை இன்னும் கடுமையாகுமே தவிரக் குறையாது.

பணம் எப்போது வரும் என்பதுதான் சின்ன மையங்களை முறிக்கிற கேள்வி. 2015 நெறிமுறையின் முதல் வடிவத்தில் ஒருவருக்கு ஒரு மணி நேரத்துக்கு முதல் வகைப் பாடமென்றால் 38.50 ரூபாய், அடுத்த வகைகளுக்கு 33, 27.50. விகிதங்கள் பிறகு திருத்தப்பட்டன, ஆனால் கணக்கு புரிய அந்த முதல் வடிவமே போதும். 30 பேர், 300 மணி நேரம், 38.50 என்று வைத்தால் 3,46,500 ரூபாய். அதில் 30 சதவீதம், அதாவது 1,03,950 பேட்ச் தொடங்கியதும். 50 சதவீதம், 1,73,250 தேர்ச்சிக்குப் பிறகு. மீதி 69,300 வேலைவாய்ப்பைக் காட்டிய பிறகு. இது 30 பேரும் கடைசிவரை இருந்து தேறினால். எட்டுப் பேர் நின்றுவிட்டால் இரண்டாவது தவணை சுருங்கும், முதல் தவணையில் வாங்கியதையும் அதில் கழிப்பார்கள். வாடகை, கரண்ட், பயிற்றுநர் சம்பளம் எதுவும் தவணைக்குக் காத்திருக்காது. பில் அனுப்பிய மறுமாதம் பணம் வந்துவிடும் என்று கணக்குப் போடாதீர்கள். ஒரு முழு பேட்சை உங்கள் கைக்காசில் ஓட்டும் தெம்பு இருந்தால் மட்டும் இறங்குங்கள். ஜிஎஸ்டி விலக்கு உங்களுக்குப் பொருந்துமா என்பது எந்தத் திட்டம், யார் பணம் என்பதைப் பொறுத்தது. ஒப்பந்தத்தை ஆடிட்டரிடம் காட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

வேலைவாய்ப்பை நிரூபிக்கிற காகிதம் தனிக் கதை. நியமனக் கடிதம் மட்டும் போதாது. சம்பளச் சீட்டு, வங்கியில் சம்பளம் ஏறிய பதிவு, குறைந்தது மூன்று மாதத்துக்கு வேண்டும். வேலைக்குப் போன பெண் போன் நம்பரை மாற்றிவிட்டால் உங்கள் கடைசித் தவணை அவளோடு போய்விட்டது. அம்மா நம்பர், அண்ணன் நம்பர் எல்லாம் சேர்க்கையின்போதே வாங்கி வையுங்கள்.

பெரிய நிறுவனம் ஒன்று வந்து, "எங்களுக்கு டார்கெட் இருக்கிறது, உங்கள் மையத்தில் நடத்துகிறோம், தலைக்கு இவ்வளவு தருகிறோம்" என்று சொல்லலாம். பெரும்பாலான ஒப்பந்தங்களில் வேலையை மறைமுகமாக இன்னொருவரிடம் ஒப்படைக்கத் தடை உண்டு. அரசுத் தளத்தில் உங்கள் மையத்தின் பெயரும் முகவரியும் வெளிப்படையாக வருமா என்று கேளுங்கள். வரும் என்றால் எழுத்தில் வாங்கிக்கொண்டு செய்யலாம், அனுபவம் சேரும். வராது என்றால் உழைப்பு உங்களுடையது, வரலாறு அவர்களுடையது.

உங்கள் அளவுக்கு எந்தக் கதவைத் தட்டுவது? டி.டி.யு-ஜி.கே.ஒய்யை இப்போதைக்கு விடுங்கள். ஊரக வாழ்வாதார இயக்கம் வழியாக வரும் அந்தத் திட்டம் பெரிய நிறுவனங்களுக்கானது, நடைமுறைக் கையேடே ஆளை மிரட்டும். நான் முதல்வன் பெரும்பாலும் கல்லூரிகளை மையமாக வைத்தது. 2025 ஜூலையில் தொடங்கிய வெற்றி நிச்சயம் உள்ளிட்ட மாநிலத் திட்டங்களுக்குத் தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகம் அவ்வப்போது விண்ணப்பம் கோரும். அந்தத் தளத்தை வாரம் ஒருமுறை பாருங்கள். தகுதி, வைப்புத்தொகை, கடைசித் தேதி எல்லாம் அந்தந்த அறிவிப்பில் எழுதியிருப்பதுதான் விதி. போன வருடம் இப்படி இருந்ததே என்பது அங்கே செல்லாது. அதற்குத் தயாராகும்வரை சின்ன வேலைகளில் கை பழகுங்கள். சுயஉதவிக் குழுப் பெண்களுக்கு நபார்டு தரும் குறுந்தொழில் பயிற்சி, ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கான தாட்கோ பயிற்சிகள், மகளிர் திட்டத்தின் பயிற்சிகள். தொகை சின்னது, ஆனால் அரசுத் துறை ஒன்று கொடுத்த பணி ஆணையும் நிறைவுச் சான்றும் உங்கள் கோப்பில் ஏறும். அடுத்த விண்ணப்பத்தில் ‘முன் அனுபவம்’ என்ற கட்டத்தில் எழுத உங்களிடம் ஏதோ இருக்கும்.

மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்தில் உதவி இயக்குநரைப் பார்க்கப் போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். பதிவுச் சான்று, பான், வாடகைப் பத்திரம், மிஷின் பில்கள், கம்பெனிக் கடிதம், இதுவரை உங்களிடம் படித்து இப்போது சம்பாதிக்கிற பெண்களின் பட்டியல் எல்லாம் ஒரே ஃபைலில் இருக்கட்டும். திங்கட்கிழமை மட்டும் வேண்டாம், அன்று ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள், அதிகாரிகள் எல்லோரும் அங்கே இருப்பார்கள்.